அம்மா முங்கிய தொட்டி

நிறைந்த தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும்போது முதலில் சத்தமே இருக்காது. பாதிக்குக் கீழே போன பிறகுதான் அடைப்பு வாய் தண்ணீரை விழுங்குகிற "கொளக் கொளக்" சத்தம் வரும், கூடவே பாசியும் மோட்டார் கிரீஸும் ஊறிப்போன தேங்காய் மட்டையும் கலந்த ஒரு வாடை எழும். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும், என் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிவிடுகிற சத்தமாகவே இருந்தாலும், எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிடும். "இந்த வயசுல எதுக்கும்மா இம்புட்டுக் கோவம்?" என்று என் மகள் கேட்பாள். வயசானால் கோபம் வடிந்துவிடும் என்று யார் சொன்னதோ தெரியவில்லை, எனக்கு வடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கோச்சடைப் பக்கம் வாய்க்காலுக்கு அந்தாண்டை இருந்த காலனியில் குடியிருந்தோம். வாய்க்காலுக்கு இந்தாண்டை "தெரு". தெருக்காரர்களுக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன, காலனிக்காரர்களுக்கு அந்த வயலிலும் தோப்பிலும் வேலை இருந்தது. இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் உதவாத களர் நிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஜெபக்கூடத்தை எழுப்பியிருந்தார் பாஸ்டரய்யா. தெருவிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்களும் காலனியிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவோம். முன்னால் விரித்த பாய் தெருவுக்கு, பின்பாய் எங்களுக்கு. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியிருந்தாலாவது கிழித்துப்போட்டிருக்கலாம்.

என் அம்மா பேச்சி அந்தப் பின்பாயில் உட்கார்ந்துதான் சாமியை மாற்றிக்கொண்டாள். அப்பாவுக்குக் கோயிலும் வேண்டாம், சபையும் வேண்டாம்; செங்கல் சூளையும் அங்கே கிடைக்கிற பீடியும் போதும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாஸ்டரய்யா வாரவாரம் சொன்ன பிரசங்கத்தை ஒரு சொல் சிந்தாமல் வீட்டில் எனக்குத் திருப்பிச் சொல்லுவாள். அதிலும் ஞானஸ்நானம் பற்றி அவர் சொன்னது அவளை அப்படியே பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் போவது சாவு, பழைய மனுஷன் அங்கேயே அடக்கமாகிவிடுகிறான், எழுந்து வருகிறவன் புதுசு, அவனுக்குப் பழைய பேரும் இல்லை, பழைய கணக்கும் இல்லை என்பார் அவர். "செத்துப் பொழைக்கிறதுடி அது" என்று அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நாளெல்லாம் குனிந்து களை பறித்துவிட்டு வந்தவளின் முகமாகவே இருக்காது.

அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும். ஒரே அப்பத்தைப் பிட்டுத் தட்டில் வைத்து, ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். தெருவும் காலனியும் ஒரே தட்டில் கைவைக்கிற காரியம் எங்கள் ஊரில் அது ஒன்றுதான் இருந்தது. அந்தத் தட்டு தன்னைத் தாண்டிப்போகும்போதெல்லாம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பசித்த பார்வை இல்லை அது, வீட்டில் நாங்கள் பட்டினி கிடந்தபோதும் அவள் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. ஞானஸ்நானம் கொடுங்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம் பாஸ்டரய்யா, "ஆவிக்குரிய வளர்ச்சி வரட்டும் சகோதரி" என்று தள்ளிப்போடுவார். வளர்ச்சி என்றால் என்ன? அம்மா ஜெபத்துக்குத் தவறியதில்லை, அண்டை வீட்டோடு சண்டை போடுவதை விட்டாள், சபையில் நகை கூடாது என்றார்கள் என்று அவளுக்கு இருந்த ஒரே கல்லு வைத்த தோட்டையும் கழற்றிவிட்டு மொட்டைக் காதோடு திரிந்தாள். இதற்கு மேலும் எங்கே போய் வளருவது?

ஒருவழியாக நாள் குறித்தார்கள். கோடை, வைகையில் முழங்கால் நனையவும் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட காலங்களில் ஞானஸ்நானம் தோப்புக்காரர் பம்புசெட்டுத் தொட்டியில்தான் நடக்கும். தோப்புக்காரர் சபைக்குப் பெரிய தூண். ஆஸ்பெஸ்டாஸ் கூரையே அவர் போட்டுக்கொடுத்ததுதான். கிணற்று மோட்டார் ஓடினால் குழாய் வழியாகத் தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வாய்க்காலில் பாயும். தொட்டி வாயைத் தேங்காய் மட்டையும் பழந்துணியும் வைத்து இறுக்கினால் மார்பளவு நிற்கும். அன்றைக்குத் தோப்புக்காரர் மனைவியும், கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்த மகளும் முழுக்கு எடுப்பதாக இருந்தது. அவர்கள் முடித்த பிறகு என் அம்மாவும் காலனியில் இன்னும் இரண்டு பெண்களும். முந்தி அவர்கள், பிந்தி நாங்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கே வரவில்லை.

ஆனால் கொட்டாம்பட்டிப் பெண் வரவில்லை. பஸ் எங்கேயோ நின்றுவிட்டது. மகள் வராமல் தாய் இறங்கமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார், தோப்புக்காரர் மகளை அழைத்துவர ஆரப்பாளையத்துக்கு சைக்கிளில் போய்விட்டார். பம்புசெட்டுக்கு விடுகிற கரண்டு அப்போதெல்லாம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். தொட்டி நிறைந்து தளும்பிக்கொண்டிருக்க, வெயில் ஏற ஏறப் பாஸ்டரய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "நேரமாகுது, வந்தவங்க இறங்குங்க" என்று சொல்லிவிட்டார். இன்றுவரை யோசிக்கிறேன், அந்த மனிதர் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அம்மா முதலில் இறங்கினாள். கடன் வாங்கிக் கட்டிய வெள்ளைச் சேலை, ஓரமெல்லாம் நீலம் போட்ட திட்டு. பாஸ்டரய்யா அவள் முதுகைத் தாங்கிச் சாய்த்தபோது தண்ணீர் மேலே மூடிக்கொண்டது, நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். எழுந்தாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். அவளுக்கு எஸ்தர் என்று பேர் வைத்தார்கள். மற்ற இரண்டு பேரும் முங்கி எழுந்தார்கள். பாட்டுப் பாடினோம்.

பாட்டு முடியும் முன்பே தோப்புக்காரர் மகளோடும் மருமகனோடும் வந்து சேர்ந்தார். ஈரத்தோடு நின்ற மூன்று பேரையும் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பாஸ்டரய்யாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு தோட்டத்து ஆளைப் பார்த்து, "ஏலே, தண்ணி கலங்கிப்போச்சு, தொறந்துவிட்டு வேற பிடி" என்றார்.

தண்ணீர் கலங்கவில்லை. நான் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தேன். அடியில் கிடந்த நத்தைகூடத் தெரிந்தது. ஆள் மட்டையைப் பிடுங்கினான். "கொளக் கொளக்" என்று தண்ணீர் இறங்கி, பக்கத்தில் இருந்த கத்திரிப் பாத்திக்குப் பாய்ந்தது. இறங்கியது போதாதென்று துடைப்பம் போட்டுத் தேய்த்து வேறு கழுவினான். அந்தத் தண்ணீர் குடித்த கத்திரிக்காயை அவர்கள் வீட்டில்தான் குழம்பு வைத்துத் தின்றார்கள், அதில் மட்டும் தீட்டு ஒட்டவில்லை பாருங்கள்! இவ்வளவும் நடக்கும்போது, செத்துப் பிழைப்பதைப் பற்றி இரண்டு வருஷம் எங்களுக்குப் போதித்த பாஸ்டரய்யா, வேதப்புத்தகத்தின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக நின்றார். ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர்.

மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியிருக்கும், கரண்டு போய்விட்டது. மோட்டார் முனகி அடங்கியது. காத்திருந்தார்கள். கொட்டாம்பட்டிப் பெண் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள், அவளுக்கு வெட்கம் இருந்திருக்கலாம். அப்போதுதான் தோப்புக்காரர் அதைச் சொன்னார்.

"பாஸ்டரே, வாளி கயிறெல்லாம் இருக்கு. காலனிப் பொம்பளைக மூணு பேரு நிக்கிறாளுகள்ல, கெணத்துல எறைச்சு ஊத்தச் சொல்லுங்க. ஒரு நொடியில நெறைஞ்சிரும்."

பாஸ்டரய்யா எங்கள் பக்கம் திரும்பினார். கேட்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டார்.

"சகோதரி, கர்த்தருடைய ஊழியம்தானே... கொஞ்சம் எறைச்சு ஊத்துங்களேன்."

அம்மா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்து உதறிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தெருக்காரர் முன்னால் அவள் நிமிர்ந்து நின்று பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏன்யா, நான் முங்குன தண்ணி ஆகாது, நான் எறைச்ச தண்ணி மட்டும் ஆகுமாக்கும்?"

அவள் தோப்புக்காரரை விட்டுவிட்டுப் பாஸ்டரய்யாவிடம் போனாள்.

"பழைய மனுசி தண்ணிக்குள்ளயே செத்துப்போறான்னு நீங்கதானய்யா சொன்னீக. பேச்சி செத்துட்டா, நல்லது. அவ சாதி மட்டும் எப்படிய்யா நீச்சலடிச்சுக் கரையேறி வந்துச்சு?"

"சகோதரி, அமைதி, அமைதி" என்றார் அவர்.

"நான் அமைதியாத்தான் இருக்கேன். நீங்கதான் வேர்த்து நிக்கிறீக. ஏ புள்ள, வா போவோம்."

ஈரச் சேலையோடு வாய்க்கால் கரை வழியே விறுவிறுவென்று நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன். மற்ற இரண்டு பெண்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். மறுநாள் கூலிக்கு அந்தத் தோப்புக்குத்தானே போக வேண்டும், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த வாரம் தொட்டியைப் புதுத் தண்ணீரால் நிறைத்துத் தோப்புக்காரர் வீட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

பாஸ்டரய்யா எங்கள் வீட்டுக்கு வந்தார். சபைக்கு முன்னால் எழுந்து நின்று "மன்னிச்சுக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முதல் ஞாயிறே திருவிருந்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! "உங்க கோபத்தைப் பார்த்தா பழைய மனுஷி இன்னும் சாகலைன்னுதான் தெரியுது சகோதரி, வளர்ச்சி போதாது" என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார். கும்பிட்டுக்கொண்டே இருப்பதற்குப் பேர்தான் வளர்ச்சி என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அம்மா அவருக்குக் காப்பித் தண்ணி கொடுத்தாள், குடிக்கும்வரை காத்திருந்தாள், பிறகு, "கேக்க மாட்டேன்யா" என்றாள்.

தோப்பு வேலை போயிற்று. ஆரப்பாளையத்தில் லாட்ஜ் கட்டுகிற இடத்தில் சித்தாளாகச் சேர்ந்து மண் சுமந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறவில்லை. அதே ஜெபக்கூடம், அதே பின்பாய். முதல் ஞாயிறு தட்டு வரும், பாய் விளிம்புவரை வந்து அவளுக்கு முன்னால் திரும்பிப் போகும். அவளோடு முங்கிய இரண்டு பேரும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வயிறு எரியும். எட்டாம் வகுப்பு படிக்கிற வயசில் ஒருநாள் கத்தியேவிட்டேன்.

"வெக்கமா இல்லையா ஒனக்கு? அவுக மூஞ்சியில முழிக்க எதுக்குப் போற?"

"நான் அவுகளைப் பார்க்கவாடி போறேன்? அது அவுக வீடா?"

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"மன்னிச்சாச்சு, அன்னைக்கே. அதுக்காக நடக்கவே இல்லைன்னு சொல்லிருவேனா?"

அதைச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றி எத்தனையோ கன்வென்ஷன் பந்தலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அம்மா கடைசிவரை அந்த அப்பத்தைத் தின்னாமலே போய்ச் சேர்ந்தாள். நான் அவள் அளவுக்கு வளரவில்லை. மன்னிக்கவும் இல்லை, இன்றுவரை எந்தத் தொட்டியிலும் இறங்கவும் இல்லை.

இப்போது கோச்சடைப் பக்கம் போனால் தோப்பு இல்லை, கிணறு இல்லை, வாய்க்கால் சாக்கடையாகிவிட்டது. களர் நிலத்து ஜெபக்கூடம் மூன்று மாடி ஆலயமாகியிருக்கிறது. போன வருஷம் அங்கிருந்து ஒரு இளம் பாஸ்டர் போன் செய்தார். வாசலில் ஆதி விசுவாசிகளின் பேர்களைக் கல்லில் பொறிக்கப்போகிறார்களாம், எஸ்தரம்மாள் பேரும் வருகிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம். போனேன். நல்ல பையன், "அக்கா, அக்கா" என்று சுற்றிக் காட்டினான். நீல டைல்ஸ் ஒட்டிய புது ஞானஸ்நானத் தொட்டி, முன்பக்கம் கண்ணாடி.

"ஒருத்தர் முங்கி எந்திரிச்சா தண்ணி மாத்துவீகளா தம்பி?" என்று கேட்டேன்.

"தேவையே இல்லக்கா, ஃபில்டர் போட்டிருக்கு. சுத்தமா இருக்கும்" என்றான் சந்தோஷமாக.

அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தொட்டி போனதுபோல, தோப்பு போனதுபோல, அந்த வெட்கமும் அந்த ஊரிலிருந்து போயே போய்விட்டது. யாராவது ஒருவர் தலைகுனிந்திருந்தால்கூட என் ஆத்திரம் கொஞ்சம் தணிந்திருக்கும். அங்கேயே நின்று எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவன் முகம் சுண்டிவிட்டது. "அம்மா பேரைப் போடுங்க, எனக்குச் சந்தோஷம்தான். அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி வேணும், அவள் முங்கிய தண்ணீரை இறக்கிவிட்டார்கள்ன்னு" என்றேன்.

கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பிறகு போன் வரவில்லை. இந்த வருஷம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன், கல் நின்றது. தோப்புக்காரர் பேர் முதலில், அவர் மனைவி பேர் அடுத்து, அப்புறம் மகள். எஸ்தர் இல்லை. அந்த வரிக்குப் பயந்து பேரையே எடுத்துவிட்டார்கள்.

கல்லில் இடமில்லை என்றால் தாளில் இருக்கிறது. என் அம்மா பேர் பேச்சி. ஞானஸ்நானப் பேர் எஸ்தர். அவள் முங்கிய தண்ணீரை இறக்கிவிட்டார்கள்.