பள்ளி வாசலில் பூவம்மா கூப்பிட்ட பெரட்டு

மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். ஹாலிஎலயிலிருந்து மொனராகலை வரை எந்தப் பள்ளியில் கூட்டம் என்றாலும் என் ஆட்டோவில்தான் ஸ்பீக்கர் போகும். அதனால் நான் கேட்காத பேச்சு இல்லை. மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் வரச் செய்வது எப்படி என்று இந்தப் பக்கம் வந்து பேசியவர்கள் எத்தனையோ பேருக்கு நான்தான் மேசையில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருக்கிறேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இனி எவனாவது அப்படிப் பேசினால் வயரைப் பிடுங்கிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிழைப்பாயிற்றே, இன்னும் பிடுங்கவில்லை.

அவர்களில் ஒருவருக்கும் பூவம்மாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா அவளுடையது. ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம். பெயரைச் சொன்னால் அங்கத்தைய பள்ளிக்கூடம் எனக்கு இனி வேலை தராது. பூவம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், தீபாவளிக்கு வருவான். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஒருமுறை தம்பையா கங்காணி "ஏய்" என்று கூப்பிட்டதற்கு, பறித்த கொழுந்தையெல்லாம் அவர் காலடியில் கொட்டிவிட்டு, "எனக்குப் பேரு இருக்குங்க" என்று சொன்னவள். அன்றிலிருந்து அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

ஒரே மகள் மேனுஷா. சின்ன வயதில் அவளுக்குக் கணக்கு என்றால் சோறு வேண்டாம். லயத்துச் சுவரெல்லாம் கரியால் பெருக்கலும் வகுத்தலுமாக இருக்கும். பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு அவள் கணக்குப் புத்தகத்தையே திறப்பதில்லை. பூவம்மா திட்டினாள், பிறகு அடித்தாள். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓஎல் பரீட்சையில் கணக்கில் தவறினால் மேலே படிப்பது குதிரைக்கொம்பு. தோட்டத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போக வேண்டியதுதான். அந்த ஒன்று மட்டும் நடக்கக் கூடாது என்றுதான் பூவம்மா அட்டைக்கடியிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் ஊக்குவிப்புக் கருத்தரங்கு வைத்தார்கள். கொழும்பிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். மலையில் நின்ற தாய்மார்களையும் இறக்கிக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அவர் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னார். பின்னால் சோகமான பாட்டு ஒன்று போடும்படி என்னிடம் சொன்னார். போட்டேன்.

"ஒங்க அம்மாவோட கைய நெனச்சுப் பாருங்க. கறை புடிச்ச அந்தக் கைக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

பிள்ளைகள் தேம்பத் தொடங்கின. எல்லாரும் போய்த் தாயின் காலில் விழுந்து, இனி ஒழுங்காகப் படிக்கிறேன் என்று சத்தியம் பண்ண வேண்டும் என்றார். விழுந்தார்கள். மேனுஷா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீங்க ஏன் பிள்ளை நிக்கிறீங்க? அம்மா மேல பாசம் இல்லையா?"

"பாசம் இருக்கு சேர். கணக்குக்கு டீச்சர்தான் இல்ல. அழுதா வருவாங்களா?"

பள்ளி அதிபர் வீரசிங்கம் என்னைப் பார்த்து மைக்கை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பிள்ளையின் கையில் மைக்கே இல்லை. நான் பேச்சாளருடைய மைக்கை நிறுத்தினேன்.

அந்த அமைதியில் பூவம்மா எழுந்தாள். "எப்பலேருந்துடி இல்ல?"

"போன வருஷத்துலேருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். படிக்க மனசில்லாதவளுக்கு வாத்தியார் ஒரு சாக்கான்னு அடிச்ச."

பூவம்மாவின் முகம் போன போக்கை நான் சொல்ல விரும்பவில்லை. அவள் அதிபர் பக்கம் திரும்பினாள். அவர் நல்ல மனுஷன் போலவே விளக்கினார். "நிரோஷன் சேர் இருக்கார் அம்மா. பேர் நம்ம பள்ளியிலதான் இருக்கு. டவுன்ல பெரிய பள்ளிக்குத் தற்காலிகமா இணைச்சிருக்காங்க. பேர் இங்க இருக்கிறதால வெற்றிடம்னு காட்டி வேற ஆள் கேக்க ஏலாது." சம்பளம் எங்கள் பள்ளிப் பெயரில், பாடம் டவுன் பிள்ளைகளுக்கு. எங்கள் பிள்ளைகளுக்குக் கோட்டுக்காரரும் சோகப் பாட்டும்.

மறுநாள் காலை பெரட்டு. வேலைக்குப் போகுமுன் எல்லாரும் களத்தில் வந்து நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடுவார். தம்பையா தொடங்குமுன் பூவம்மா கேட்டாள்.

"கூப்பிடுற நேரம் நான் இங்க இல்லாட்டி என்ன செய்வீங்க?"

"என்ன புதுசா கேக்குற? பேர் இல்லன்னு சொல்லிருவேன். வேலையும் இல்ல."

"அப்பச் சரி" என்று இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். இன்னும் சில பெண்களும் பின்னால் போனார்கள். அன்றைய பேரும் கூலியும் அவர்களுக்குப் போய்விட்டன.

பள்ளி வாசலில் நின்று, மேனுஷா சொல்லச் சொல்ல, பூவம்மா ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தம்பையாவின் அதே குரல், அதே இழுவை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். தமிழ் படிப்பிக்கும் ஜீவராணி டீச்சர் மட்டும் நின்று, "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"பிரின்சிபல் சேர்."

"இது என்ன கேலியா?" என்றார் வீரசிங்கம்.

"கேலி இல்லைங்க. எங்களத் தெனம் இப்படித்தான் கூப்பிடுறாங்க. இருக்கேன்னு சொல்றதுல ஒரு கேவலமும் இல்லைங்க."

பிறகு, "நிரோஷன் சேர்" என்றாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு, "பேர் இல்ல" என்றாள். பிள்ளைகள் முதலில் சிரித்தன. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வந்து கூப்பிட்டபோது எவரும் சிரிக்கவில்லை. கூட வந்த பெண்கள் ஒவ்வொருவராக மலைக்குத் திரும்பினார்கள்; அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது, அடுப்பு எரிய வேண்டும். பூவம்மா தனியாக வந்தாள்.

யாரோ அதைப் போனில் எடுத்துப் போட, கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் வாகனத்தில் வந்தார்கள். டீ குடித்தார்கள். போன பிறகு அதிபர் பூவம்மாவைக் கூப்பிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார். "பிரச்சினை தீர்ந்துச்சு. நிரோஷன் சேர் பேர இங்கேருந்து எடுத்துட்டாங்க. இனி முறைப்படி வெற்றிடம்."

"வெற்றிடம் கணக்கு சொல்லிக்குடுக்குமாங்க?" என்று கேட்டாள் பூவம்மா.

இன்றுவரை வேறு ஆள் வரவில்லை. ஒரு ஆளை அனுப்பத் துப்பில்லாதவர்கள் ஒரு பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். அதையும் வேலை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பரீட்சை வந்தது, முடிவும் வந்தது. மேனுஷாவுக்குத் தமிழில் ஏ. மற்றப் பாடங்களிலும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் தவறியிருந்தாள். அவள் வகுப்பில் ஒருவர்கூடக் கணக்கில் தேறவில்லை. உடனே இன்னொரு கருத்தரங்கு வைத்தார்கள், தலைப்பு "ஆர்வமின்மையும் பெற்றோர் பொறுப்பும்". அதற்கும் நான்தான் மைக். பேசி முடித்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு அன்று ஸ்பீக்கரை இறக்கக்கூட மனசில்லாமல், ஆட்டோவிலேயே கட்டிப்போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஆட்டோவை எடுக்கப் போனேன். அது பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். தம்பையா பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பூவம்மா."

"இருக்கேன்."

"மேனுஷா."

பூவம்மா திரும்பிப் பார்த்தாள். பெண்களுக்குப் பின்னால் மேனுஷா இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறக்குமுன் பூவம்மா சொன்னாள்.

"இல்ல."

"பிள்ளை இங்கதான நிக்குது, பூவம்மா" என்றார் தம்பையா. "நேத்து அதுவாத்தான் வந்து பேர் குடுத்துச்சு."

"குடுத்தா அடிங்க. வாத்தியார் பேர அடிக்க அவங்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் பத்துச்சு. எம்மவ பேர அடிக்க ஒங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?"

தம்பையா பேனாவை எடுத்து அடித்தார். பூவம்மா மகளிடம் போய் இடுப்புச் சாக்கை அவிழ்த்தாள்.

"யாரும்மா எனக்குச் சொல்லிக்குடுப்பா?" என்றாள் மேனுஷா. அப்போதுதான் அவள் அழுதாள்.

"தெரியல. வா." பூவம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நிமலா, ஆட்டோவ எடு. டவுன் பள்ளிக்குப் போவணும்."

"அங்க என்னக்கா?"

"அந்த வாத்தியார் அங்கதான இருக்காரு. இன்னைக்குப் பெரட்டு அங்க."

ஏறப் போனவர்களுக்கு இடம் இல்லை. பின் சீட்டில் ஸ்பீக்கரும் மைக்கும் கட்டியபடியே கிடந்தன. இறக்கிவைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரை ஓரமாகத் தள்ளி, மகளை ஏற்றித் தானும் நெருக்கி உட்கார்ந்தாள் பூவம்மா.