மூன்று முறை அழைத்தேன்

பார்சல் கொடுக்கும் வேலைக்குப் போவதற்கு முன், பொன்னேரியில் ஒரு பயிற்சி மையத்தில் பன்னிரண்டு நாள் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓட்டுநர் உரிமம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். நைனா அந்த அட்டையை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இதுல முறைச்சிகினு கீற?" என்றார். முறைக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பயிற்சி மையத்தில் நல்லபடியாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்கூட்டரின் பின்னால் பெரிய பையைச் சாயாமல் கட்டுவது, மழையில் பிரேக் பிடிப்பது, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம். வகுப்பறையின் ஓரத்தில் ஒரு பிளைவுட் கதவு இருந்தது. கூடப் படித்தவர்களில் ஒருவர் அதன் பின்னால் வாடிக்கையாளராக நிற்பார். நாங்கள் தட்டுவோம், அவர் திறப்பார். திறக்காவிட்டால் மூன்று முறை போனில் அழைக்க வேண்டும். அப்புறம் பூட்டிய கதவைப் படம் எடுத்து, செயலியில் 'ஆள் இல்லை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு யார் வந்து கேட்டாலும் தரக் கூடாது. பார்சல் பொன்னேரியில் உள்ள ஹப் என்ற கிடங்குக்குத் திரும்பி, அன்று மாலை வண்டியிலேயே சென்னைக்குப் போய்விடும். கடைசி நாள் தேர்வில் நான் ஒரு கேள்வியைக்கூடத் தவறவிடவில்லை.

முதல் நாளே பழவேற்காடு கொடுத்தார்கள். வரைபடத்தில் பாதி முகவரிகள் டச்சுக்காரர்களின் கல்லறை வாசலில் போய் நின்றன. எல்லோரும் முகவரியில் அதையே அடையாளமாக எழுதி வைத்திருந்தார்கள். வாசல் கல்லில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, வழி கேட்டுக் கேட்டுப் போனேன். கடைத்தெருவில் நான்கு பார்சல் சுலபமாக முடிந்தது. ஒரு கடைக்கார பாய் என் பெயர் கேட்டு, தண்ணீர் கொடுத்து, "பொண்ணு வண்டி ஓட்டிகினு வந்து குடுக்குதா, பேஷ்" என்றார். பயிற்சியில் சொன்னபடியே சிரித்து நன்றி சொன்னேன்.

ஐந்தாவது ஒரு பழுப்பு உறை. மேலே அரசு முத்திரை. 'உரியவர் கையில் மட்டும் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தது. ஏரிக்கரையில், பதினைந்து இருபது ஓலை வீடுகள் உள்ள ஒரு குப்பத்தின் முகவரி. பெயர் ஒரு பெண்ணுடையது. பத்தரை மணி இருக்கும். குப்பத்தில் ஆள் இல்லை. கோழிகள் மட்டும் நடமாடின. வீட்டு வாசலில் பூட்டு.

அழைத்தேன். போன் வீட்டுக்குள்ளேயே அடித்தது. ஓலைச் சுவருக்கு அந்தப் பக்கம், என் கைக்கு எட்டும் தூரத்தில். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அழைத்தேன். இன்னொரு ஐந்து நிமிடம். மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. பூட்டும் வீட்டு எண்ணும் நன்றாகத் தெரியும்படி படம் எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சையாக ஒரு சரி விழுந்தது. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

வண்டியைத் திருப்பிக் கரையோரமாகவே வந்தேன். முக்கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அதே குப்பத்தின் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சேறு. வாயில் பறி. பனையோலையில் பின்னிய சின்னக் கூடை அது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களில் இளையவள் என் கம்பெனிச் சட்டையைப் பார்த்ததும் பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு கவர் வரணும். வந்துச்சா?"

பெயரைச் சொன்னாள். உறையில் இருந்த அதே பெயர்.

"வந்துச்சும்மா. வீட்டுக்குப் போய் மூணு தடவ கூப்ட்டேன். யாரும் எடுக்கல. திருப்பி அனுப்புறதா போட்டுட்டேன்."

"திருப்பிட்டியா?" என்றாள். "நாளைக்குத்தாங்க்கா கடைசி நாளு. பழைய மார்க் ஷீட்டு மழைல நனைஞ்சி பூடுச்சி. புதுசு இல்லாம காலேஜ்ல சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க."

அவள் அம்மா அதற்குள் வந்துவிட்டாள். "நாலு நாளா வூட்டுலயே காத்துகினு கெடந்துச்சி. இன்னிக்கி தண்ணி வத்துச்சேனு நான்தான் வாடினு இட்டாந்தேன். போன இன்னா, தலைல கட்டிகினு முழுவச் சொல்றியா?"

"ரூல்ஸ் அப்படிங்க" என்றேன்.

"ரூல்ஸா? நீ எந்த ஊரு பாப்பா?"

"ஆரம்பாக்கம் பக்கம்."

"உங்கம்மா இன்னா பண்ணுது?"

"எறா தடவுறாங்க."

பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, "உங்க ஊர்ல பறிய காதுல மாட்டிகினு, போன பல்லுல கடிச்சிகினு எறங்குவாங்களோ?" என்றாள். சிரிப்பு கிளம்பியது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறை அதற்குள்தான் இருந்தது.

சற்றுத் தள்ளிப் போய் ஹப் பொறுப்பாளருக்கு அழைத்தேன்.

"பட்டன் அழுத்தியாச்சுல்ல? கொண்டு வந்துடும்மா. மூணு நாள்ல மறுபடி வரும்."

"நாளைக்கு அவளுக்குக் கடைசி நாள் சார்."

"அதுக்கு அவங்க போன எடுத்திருக்கணும்மா. டிரெயினிங்ல சொன்னாங்களா இல்லியா?"

சொன்னார்கள்தான். நான் போனை வைத்துவிட்டுப் பையைத் திறந்தேன்.

உறையை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கை சேறுக்கா. நீயே பிரிச்சிப் பாரு. அதுதானானு சொல்லு." ஓரத்தைக் கிழித்து வெளியே எடுத்தேன். அவளுடைய மதிப்பெண் சான்றிதழ்தான். அவள் கேட்டபடி ஒவ்வொரு பாடமாக வாசித்துக் காட்டினேன். உயிரியலில் அவள் என்னைவிட நிறைய எடுத்திருந்தாள். அம்மா முந்தானையின் உலர்ந்த முனையைத் தேடி, கிடைக்காமல், பக்கத்து வீட்டுக் கோழிக் கூண்டின் மேல் காய்ந்த துண்டை உருவி அதில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

பொன்னேரிக்குத் திரும்பியதும் பொறுப்பாளர் ஒரு தாளைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். எழுதியதை வாசித்தவர் நிமிர்ந்து, "தண்ணில நின்னா ஒரு கையில போன வெச்சிக்க முடியாதா?" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். இரண்டு கைக்கும் அடியில் வேலை இருக்கிறது, பிடித்ததைப் போடும் கூடை வாயில் இருக்கிறது என்று சொன்னேன்.

"பல்லுலயா? எவ்ளோ நேரம்?"

"நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். தண்ணி ஏறுற வரைக்கும்."

பக்கத்தில் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்த பழைய டெலிவரிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அந்தப் பக்கம் நாங்கள்லாம் சாயங்காலம்தான் சார் பட்டன் அழுத்துவோம். தண்ணி ஏறுனப்புறம் போனா ஆளு இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு நாளில் ஒருவர்கூட இதை வாய் திறந்து சொல்லவில்லை. பயிற்சி மையத்தின் மேல் கோபம் பொங்கி, அதைப் பற்றியும் எழுதிவிடலாம் என்று தாளைத் திரும்ப வாங்கினேன்.

அப்போது பொறுப்பாளர் கேட்டார். திட்டும் குரலில்கூட இல்லை. "உங்கம்மாவும் அதே வேலைதான்னு எழுதியிருக்க. உனக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்கும்மா அழுத்துன?"

அந்த நேரத்தில், அந்தப் பத்தரை மணிக்கு, ஆரம்பாக்கம் பக்கத்தில் என் அம்மாவும் கழுத்தளவு தண்ணீரில்தான் இருந்திருப்பாள். அவள் போனும் வீட்டுக்குள்தான் அடித்திருக்கும். பள்ளி நாட்களில் எத்தனை முறை அப்படி அழைத்திருக்கிறேன், எடுக்க மாட்டாள் என்று தெரிந்தே. பூட்டிய அந்தக் கதவின் முன்னால் நின்றபோது அது ஒரு கணம்கூட என் நினைவுக்கு வரவில்லை. அங்கே நின்றவள் வகுப்பில் முதலாவதாக வந்தவள்.

பயிற்சி மையத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 'எனக்குத் தெரிந்திருந்தது' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மறுநாளுக்கான பட்டியலை என் பக்கம் தள்ளினார்.