பாலுக்கும் மாட்டுக்கும் பொருந்தாத இரண்டு அட்டவணைகள்

வெள்ளிக்கிழமை காலை 7.10-க்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். புதுச்சேரிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். செல்போனில் இரண்டு அட்டவணைகளின் படங்கள் இருந்தன: ஒன்று மாடுகளின் கணக்கெடுப்பு, மற்றொன்று பால் கொள்முதல். இரண்டும் கனகசெட்டிக்குளத்தை ஒட்டிய, புதுச்சேரியின் ஓர் எல்லைக் கிராமத்துக்கு உரியவை, ஆண்டும் ஒன்றே. பாலை மாடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், அங்குள்ள ஒவ்வொரு பசுவும் கண்காட்சியில் பரிசு வாங்கியிருக்க வேண்டும். ஆகவே, அவ்வூர்ப் பால் சங்கம் தண்ணீர் கலந்து கணக்குக் காட்டுகிறது என்று கால்நடை இதழ் ஒன்றுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை அச்சு. அனுப்பிய பிறகு மனம் உறுத்தியது. மூலநூல்களைப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பயணம்.

8.45. முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ, நூறு ரூபாய்.

"மாட்டாஸ்பத்திரிக்கா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்லை, மாட்டுக் கணக்கு பார்க்க. மாடெல்லாம் புத்தகத்தில்."

"நல்லதா போச்சு. சாணி அள்ற வேலை இல்ல."

10.05. சிறிய நூலகம் ஒன்றில், பொறுப்பாளர் கலைவாணி அம்மாள் இரண்டு நூல்களையும் எடுத்துத் தந்தார். என் படங்களைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் கட்டத்த மட்டும் போட்டோ புடிச்சிட்டுப் போயிட்டீங்களா சார்? கீழ பாருங்க."

கீழே பொடி எழுத்தில் இருந்தது: மாடு கட்டியிருக்கும் இடத்தில் எண்ணப்பட்டது. கொள்முதல் நூலிலோ, பால் ஊற்றும் உறுப்பினரின் வீடு இருக்கும் ஊரின் கணக்கில் பால் சேர்க்கப்பட்டது.

2.50. அந்த எல்லைக் கிராமத்தில், பால் சங்கத்தின் வாசலில் பால் ஊற்ற வரிசை நின்றது. கேனோடு நின்ற செல்வி என்பவரிடம் மாடு எங்கே என்று கேட்டேன்.

"அதோ, ரோட்டுக்கு அந்தாண்ட, எங்க கழனியில."

"அது தமிழ்நாடு ஆயிற்றே?"

"வூடு பாண்டி, கழனி தமிழ்நாடு. மாட்டுக்கு என்னா சார் தெரியும்? அதுக்கு ரேஷன் கார்டா குடுத்திருக்காங்க?"

வரிசையில் பாதிப்பேருக்கு அதே கதைதான். பால் அளந்துகொண்டிருந்த சங்கச் செயலாளர் நிமிர்ந்தார். "ஏன் சார், தண்ணி ஊத்துறோம்னு எவனாச்சும் சொன்னானா?"

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அங்கேயே இதழாசிரியரை அழைத்து, அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். "பக்கம் முடிச்சாச்சே சார்!" என்று சலித்துக்கொண்டு எடுத்தார். செல்வி தம் கேன் மூடியில் பால் ஊற்றி நீட்டினார். "குடிச்சிப் பாத்துட்டு எழுதுங்க." கெட்டியான பால்.

மாலை 6.40-க்கு வீடு. அதே எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள எங்கள் மாவட்டக் கிராமத்தின் அட்டவணையை எடுத்தேன். அங்கே மாடுகள் அதிகம், பால் குறைவு. செல்வி போன்றவர்களின் மாடுகள் இந்தக் கணக்கில்தான் சேர்ந்திருந்தன. அந்த ஊரார் மாடு வளர்க்கத் தெரியாதவர்கள் என்று சென்ற ஆண்டு எழுதியவனும் நானே. அது அச்சாகிவிட்டது. அவர்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி உறையிலிட்ட பிறகே சாப்பிட உட்கார்ந்தேன். நன்றாகப் பசித்தது.