கதைக்காமல் விளையாடிய இருவர்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. வழக்கமாக இந்த இடத்தில் உங்களை எப்படியாவது சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்த வாரம் முயற்சி செய்யப் போவதில்லை. மீறிச் சிரிப்பு வந்தால்... அது உங்கள் பாடு.

நான் மைக் பிடிக்கிறவன் என்பது தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கூடைப்பந்து ரீம் ஒன்றுக்குச் சொந்த மைதானத்தில் மெச் நடக்கும்போதெல்லாம் அறிவிப்பு என்னுடையது. ரீம் என்றால் பள்ளிக்கூட ரீம் இல்லை. சம்பளம் கொடுத்து, ஒப்பந்தம் எழுதி, பனியனில் விளம்பரம் போட்டு நடத்துகிற ரீம். பெடியள் எல்லோரும் பார்த்த வேலையை விட்டுவிட்டு இதற்கென்றே வந்தவர்கள். எனக்கு மட்டும் சம்பளம் இல்லை. இருக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் குடிக்க ஒரு சோடாவும் தருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மெச்சின் கடைசிக் கட்டம். நாங்கள் புள்ளியில் கொஞ்சம் முன்னுக்கு நிற்கிறோம். எங்கள் கஜன், எதிரணிப் பெடியன் ஒருவனை மறித்துக்கொண்டு, அவன் கையிலிருக்கும் பந்தையே பார்த்தபடி பக்கவாட்டில் ஓடுகிறான். எதிரணியின் பெரிய உடம்புக்காரன் ஒருவன் வந்து கஜனின் வழியில், அவன் கண்ணில் படாத பக்கமாக, அசையாமல் நிற்கிறான். இதற்கு ஸ்கிறீன் என்று பெயர். அப்படி நிற்கலாம், சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஓடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? அதனால்தான் பின்னால் நிற்கும் சொந்த ரீம்காரன் “ஸ்கிறீன், லெஃப்ட்!” என்று கத்த வேண்டும். பந்து பழக வரும் சின்னப் பிள்ளைக்கும் முதல் கிழமையே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

பின்னால் நின்றவன் அன்ரன். அவன் கத்தவில்லை.

கஜன் முழு வேகத்தில் போய் மோதினான். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. ஊன்றிய கால் திரும்பவில்லை. முழங்காலிலிருந்து வந்த சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. றெஃபரி விசில் ஊதவில்லை. ஊதுவதற்கு என்ன இருக்கிறது? விளையாட்டுச் சட்டப்படி அங்கே யாரும் ஒரு பிழையும் செய்யவில்லை.

அன்ரன் ஏன் கத்தவில்லை? ஏனென்றால் அன்ரனும் கஜனும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் சண்டை என்றால் அடிதடி இல்லை. அடிதடி இரண்டு நாளில் ஆறிவிடும். இங்கே சண்டை என்றால் கதையை நிறுத்துவது. “அவையோடை எங்களுக்குக் கதை பேச்சில்லை” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரியும். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, “கொம்மாட்டைச் சொல்லு, எனக்குச் சோறு போடச் சொல்லி” என்று பிள்ளை மூலம் தூது விட்ட அப்பாமார் எத்தனை பேர்! அம்மா பக்கத்தில் அடுப்படியில்தான் நிற்பா. அவவுக்கும் எல்லாம் கேட்கும். இருந்தாலும் பிள்ளை போய்ச் சொன்ன பிறகுதான் அகப்பையை எடுப்பா.

இதை நாங்கள் வீட்டில் நடத்துகிறோம், கோயிலில் நடத்துகிறோம், வேலை பார்க்கும் கந்தோரில் நடத்துகிறோம். கூடைப்பந்து மைதானத்திலும் நடத்தலாம் என்று இந்த இரண்டு பேரும் காட்டினார்கள்.

அன்ரன் குருநகர்ப் பெடியன், கத்தோலிக்கன். தகப்பனும் சகோதரங்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஒருவன்தான் கரையில் நின்றவன். நல்ல உயரம். கஜன் சண்டிலிப்பாய்க்காரன், சைவம். வீட்டில் தோட்டம், இவன் மருதனார்மடத்தில் ஒரு ஃபோன் கடையில் நின்றுவிட்டு ரீமுக்கு வந்தவன். இரண்டு பேரும் எப்படிச் சிநேகிதர்கள் தெரியுமா? பயிற்சி முடிந்தால் கஜனின் மோட்டார் சைக்கிளில்தான் அன்ரன் வீட்டுக்குப் போவான். கஜன் வீட்டு வெங்காயம் குருநகருக்குப் போகும். அன்ரன் வீட்டு நண்டு சண்டிலிப்பாய்க்கு வரும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நண்டு வராது.

அன்ரனுக்குக் கலியாணம் வந்தது. கலியாணக் கார்ட்டைப் படம் எடுத்து ரீமின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டான். “எல்லாரும் கட்டாயம் வரவேணும்” என்று கீழே எழுதினான். வேலை முடிந்தது என்று நினைத்தான். அங்கேதான் எல்லாம் முடிந்தது.

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குச் சொல்லாமல் போகலாம். கலியாணத்துக்குச் சொல்லாமல் போகமாட்டோம். சொல்வது என்றால் வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்வது. கஜன் காத்திருந்தான். இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான்... வரவில்லை. கலியாணத்துக்கு முழு ரீமும் போனது, கஜன் போகவில்லை.

பிறகு என்னிடம் சொன்னான். “உதிரி ஆக்களுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் குறூப்பிலை சொல்லுறதோ அண்ணை? வீட்டை வந்து சொல்ல எனக்கு மதிப்பில்லையோ?”

அன்ரனைக் கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. “அவன் என்ரை ஆள் அண்ணை. வீட்டு ஆளுக்குப் போய்ச் சொல்லுறதோ? அவன்தான் முதல் ஆளா வந்து நிப்பான் எண்டு நினைச்சன். கோயில் வாசல்லை நிண்டு றோட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். பொம்பிளையின்ரை கார் வந்ததைக்கூடக் காணேல்லை.”

யார் பக்கம் சரி? நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் கோபித்தார்கள்: இரண்டு பேரும் மற்றவனைத் தன் ஆள் என்று நினைத்திருந்தார்கள். அந்நியனாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஊர்வாய் சும்மா இருக்குமா? கடலுக்கும் தோட்டத்துக்கும் சண்டை என்றார்கள். மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் சண்டை என்றார் ஒரு பெரியவர். அப்படிச் சொல்வது சுகம். அதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை பாருங்கள்.

அன்றிலிருந்து மைதானத்தில் தூது தொடங்கியது. தூதுவன் நிரோஷன். ரீமில் எல்லோருக்கும் நல்லவன். அன்ரன் பந்தைக் கஜனுக்கு நேரே கொடுக்கமாட்டான். நிரோஷனுக்குக் கொடுப்பான், நிரோஷன் கஜனுக்குக் கொடுப்பான். ஸ்கிறீன் வந்தால் அன்ரன் “நிரோஷ்!” என்று மட்டும் கத்துவான். நிரோஷன் உடனே திரும்பிப் பார்த்து, “கஜன், லெஃப்ட்!” என்பான். பார்க்க வந்தவர்கள் இதை ஏதோ புது உத்தி என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் மைக்கில் “அருமையான கூட்டு விளையாட்டு!” என்று சொல்லியிருக்கிறேன். கோச் ஒன்றும் கேட்கவில்லை. வென்றுகொண்டிருந்தோம், வெல்கிற ரீமில் யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிரோஷனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. ஐந்து விழுந்தால் வெளியே போகவேண்டும். அவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரத்து வாங்குப் பலகையில் வந்து இருந்தான். அதோடு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆள் இல்லாமல் போனது. மிச்சத்தை முதலே சொல்லிவிட்டேன்.

கஜனுக்கு அடுத்த வருடத்துக்குக் கொழும்பு ரீம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது. முழங்காலுக்குள் சவ்வு அறுந்துவிட்டது என்கிறார் டொக்டர். ஒப்பரேஷன் செய்யலாம், நடக்கலாம், மோட்டார் சைக்கிள் ஓடலாம். “உந்த விளையாட்டை மட்டும் இனி நினையாதையும் தம்பி” என்று சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை அன்ரன் எனக்கு ஃபோன் எடுத்தான். “அண்ணை, அவனைப் பாக்கப் போகவேணும். தனியப் போகேலாமல் கிடக்கு. நீங்களும் வாறியளோ?”

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்ரன் திராட்சையும் தோடம்பழமும் வாங்கி வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கஜனின் அம்மா இருந்தா. அன்ரனைக் கண்டதும் எழும்பி, ஸ்ரூலை அவனுக்குத் தள்ளிவிட்டா. “இரும் தம்பி. உம்மடை கலியாணத்துக்கு வரேலாமல் போச்சு, கோவியாதையும். பொம்பிளை சுகமாய் இருக்கிறாவோ?” என்று கேட்டா. அன்ரன் பழப் பையைப் பிடித்தபடி தலையை ஆட்டினான். அவ சுடுதண்ணி எடுக்கப் பிளாஸ்க்கோடு வெளியே போனா. எனக்கு அவவோடு சேர்ந்து நானும் போய்விடலாமா என்று இருந்தது.

அன்ரன் பழப் பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். பிறகு அன்ரன் என்னைப் பார்த்துச் சொன்னான். “கால் நோ குறைஞ்சிட்டுதோ எண்டு கேளுங்கோ அண்ணை.”

நம்புவீர்களா? நான் கேட்டேன்! “நோ குறைஞ்சிட்டுதோ கஜன்?”

“குறைவு எண்டு சொல்லுங்கோ.”

“குறைவாம்” என்றேன். கட்டிலுக்கும் ஸ்ரூலுக்கும் இடையில் ஒரு முழம் தூரம் இருக்கும். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. விடுங்கோடா உந்த விளையாட்டை என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆஸ்பத்திரி, எப்படிக் கத்துவது?

“ஒப்பரேஷன் எப்பவாம்?” அன்ரன் என்னைக் கேட்டான்.

“திகதி தரேல்லையெண்டு சொல்லுங்கோ.”

நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். கஜன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். தலையைத் திருப்பி, முதல் தடவையாக அன்ரனின் முகத்தை நேரே பார்த்தான்.

“நீ கண்டனி தானே?”

அன்ரன் குனிந்துகொண்டான். காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். கத்தினேன், சனத்தின் சத்தத்துக்குள் கேட்காமல் போயிருக்கும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லித் தொலையடா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். உண்மையாகவே கெஞ்சினேன். அவன் பொய் சொல்கிற பெடியன் இல்லை. அதுதான் துக்கம்.

“ஓம்” என்றான். “கண்டனான். உன்ரை பேர் வாய் வரைக்கும் வந்தது. நீ எனக்கு மறுமொழி சொல்லமாட்டாய் எண்டு நினைச்சன்... அதுக்கிடையிலை போய் அடிபட்டிட்டாய்.”

கஜன் ஏசவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தான்; கால் விடவில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா பிளாஸ்க்கோடு திரும்பி வந்து, “பிள்ளை நித்திரையாப் போனானோ?” என்று கேட்டா. “ஓம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

அன்ரன் என் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தான். மருதனார்மடம் சந்தி நெரிசலில் நின்றபோதுதான் என் தோளைத் தொட்டான்.

“அவன் என்னோடை நேரை கதைச்சவன், என்ன அண்ணை?”

குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

“ஓம் தம்பி” என்றேன். கதைத்தவன்தான்... ஒரு முழங்கால் போனபிறகு.