கத்திக்கு ஒருத்தர், சுவிட்சுக்கு ஒருத்தர்

அந்த அட்டைப்பெட்டிப் பட்டறையில் அவளை எட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவளேதான். கட்டுப் பிரித்து வந்த முதல் நாள், எல்லோரும் அவள் கையைப் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டார்கள். "எட்டு மிச்சம் இருக்கு. பசை தடவ ரெண்டு போதும். போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்றாள். சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விரல்களைத் தின்றது பட்டறையின் நடுவில் நிற்கும் வெட்டு மெஷின். அட்டைக் கட்டை வைத்துக் கால்மிதியை அழுத்தினால் நீளக் கத்தி மேலிருந்து இறங்கும். இறங்க ஆரம்பித்தால் காலை எடுத்தாலும் நிற்காது. சுவரிலுள்ள மெயின் சுவிட்சை இழுத்தால்தான் நிற்கும். அதனால் அவள் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார்: கத்திக்கு ஒருத்தர், சுவிட்சுக்கு ஒருத்தர். விபத்து நடந்த அன்று சுவிட்ச் பக்கம் யார் நின்றது என்று அப்பா கர்ஜித்தார். "யாருமில்லப்பா, நான்தான் அவசரப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் மயங்கி விழுந்தாள்.

பிறகு கல்யாணம். வாய்த்தவன் கை நீட்டுகிறவன். ஒரு விடியற்காலையில் உடைந்த பல்லோடு அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். மாடியறையைத் திறந்துவிட்டு, "இனி நீ அங்க போகக் கூடாது" என்று சொன்னவர் அப்பா. அப்பா போய்ச் சேர்ந்தபின் பட்டறை தம்பியின் கைக்கு வந்தது. தம்பிக்கு மூக்கின் மேல் கோபம்.

அக்காவிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கருகிய வாடையோ, பழக்கமில்லாத சத்தமோ, எதுவானாலும் யோசிக்கவே மாட்டாள். ஓடிப் போய் மெயினை இழுத்துவிடுவாள். பல முறை அது வீண் பயமாகத்தான் முடிந்தது. ஒவ்வொரு முறையும் பாதி வெட்டிய அட்டை பாழாகும். கடைசியாக பல்பு பெட்டிகள் பாழானபோது தம்பி அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான்.

"இன்னொரு தடவை மெயின்ல கை வெச்சா, மாடியறையைக் காலி பண்ணிட்டுப் போயிடு."

"எங்கடா போவேன்?"

"வந்த இடத்துக்கே போ."

வந்த இடம் எது என்று இருவருக்கும் தெரியும். அவள் நாக்கு தானாகவே அந்த உடைந்த பல்லைத் தடவிப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் அந்த மெயில் வந்தது.

பட்டறையின் உயிர் மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. செருப்புப் பெட்டி, சோப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி என்று எல்லா வாடிக்கையாளர்களின் வரைபடங்களும் அதற்குள்தான். வைரஸ் தடுப்பைப் புதுப்பிக்கச் சொல்லித் திரை தினமும் கெஞ்சும். தம்பி தினமும் 'பிறகு' என்பதை அழுத்துவான்.

மதியம் செருப்புக் கம்பெனிக்காரர் பெயரில் ஒரு மெயில். 'மாற்றிய அளவு இணைப்பில் உள்ளது, உடனே பார்க்கவும்.'

பின்னால் பசை தடவிக்கொண்டிருந்த எட்டக்கா எட்டிப் பார்த்தாள். "அவர் எப்பவும் போன்ல சொல்லிட்டுத்தானே அனுப்புவாரு? ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திறடா."

"நீ பசையைத் தடவு."

திறந்தான். அனுமதிக்கவா என்று கேட்டது, சரி என்றான். எதுவும் வரவில்லை. ஆனால் திரையிலிருந்த செருப்புப் பெட்டிப் படம் வெள்ளையாகிப்போனது. பக்கத்திலிருந்த சோப்புப் பெட்டியும் வெளுத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கரையான் வரிசை போல ஏதோ ஒன்று தின்றுகொண்டே போயிற்று.

எட்டக்கா ஓடினாள். மாடியறை நினைவுக்கு வந்தபோது கை மெயினை இழுத்து முடித்திருந்தது.

விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் செத்தன. வெட்டு மெஷினின் கத்தி அட்டைக் கட்டில் பாதி பாய்ந்தபடி நின்றது.

தம்பியின் முதல் அறையிலேயே அவள் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பசை வாளியோடு சரிந்தாள். இரும்பு அளவுகோலை எடுத்துத் தோளில் இறக்கினான். வெட்டு மெஷின்காரர், அப்பா காலத்து மனிதர், குறுக்கே பாய்ந்தார்.

"பாத்து அடிங்க முதலாளி. ஏற்கெனவே ரெண்டு குறையுது."

"நீங்க நகருங்க" என்றான் தம்பி.

அவள் எழுந்து, சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றபடியே கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு போன் போட்டாள். எதிர்முனைக் குரல் பட்டறைக்கே கேட்டது. "ஆஃப் பண்ணிட்டீங்களா? நல்லது. இனி அதை ஆன் பண்ணவே கூடாது, அக்கா. ஆன் பண்ணினா விட்ட இடத்துலேர்ந்து மிச்சத்தையும் தின்னுடும். இதோ கிளம்பிட்டேன்."

"அவன் என்ன ஜோசியனா? எது போச்சு, எது இருக்குன்னு நான் இப்பவே பாக்கணும்" என்று தம்பி அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து எறிந்தான். மெயினைத் தூக்கினான். விசிறி சுழன்றது. பாதியில் நின்றிருந்த கத்தி கட்டை அறுத்துக்கொண்டு கீழே போய், திரும்ப மேலேறி உட்கார்ந்தது. தம்பி கம்ப்யூட்டரை நோக்கி நடந்தான்.

அவனுக்கு முன்னால் அவள் போய்விட்டாள். கம்ப்யூட்டரின் வயரை இரு முனையிலிருந்தும் பிடுங்கி, வெட்டு மெஷினின் மேடையில் கத்திக்கு நேர் கீழே போட்டாள். உதட்டு ரத்தம் வெள்ளை அட்டையில் சொட்டியது.

"வயரே இல்லாம நீ எப்படி ஆன் பண்றேன்னு பாக்கறேன்" என்று கால்மிதியை அழுத்தினாள்.

கத்தி இறங்கியது. அந்தக் கணத்தில் தம்பி பாய்ந்து வயரைப் பிடிக்கக் கையை உள்ளே விட்டான்.

அவள் காலை எடுத்தாள். கத்தி நிற்கவில்லை. அது நிற்காது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவன் சட்டைக் கை மேடையின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. கத்தி வந்துகொண்டே இருந்தது.

பட்டறை இருண்டது.

அவன் மணிக்கட்டுக்கு மேலே ஒரு நகக்கண் அளவில் கத்தி நின்றிருந்தது. சுவிட்சருகில் வெட்டு மெஷின்காரர். அவள் கால் மிதிக்குப் போனதைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, பழக்கத்தில் அங்கே போய் நின்றிருக்கிறார்.

தம்பி கையை உருவிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"அன்னைக்கு சுவிட்ச் பக்கத்துல நின்னது நான்தான், அக்கா. நீ கத்துறே, எனக்குக் கை எழும்பல."

"தெரியும்."

"நீ ஒவ்வொரு தடவை சுவிட்சுக்கு ஓடுறப்பவும், என்னைச் செருப்பால அடிக்கிற மாதிரி இருக்கு. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. தெரிஞ்சும் ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே உன்னைக் கொன்னிருப்பாரு. விரலும் போயி, தம்பியும் போகணுமா எனக்கு?"

அவள் பாதத்தில் முகத்தைப் புதைத்து அவன் அழுதான். பாதத்தைப் பிடித்திருந்தது அவளை அடித்த அதே கை. அவள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் மூன்று விரல்கள் மிஞ்சிய தன் கையால் அவன் தலையைத் தொட்டாள்.

மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் தட்டைக் கழற்றி எடுத்துப்போய், வேறு கம்ப்யூட்டரில் ஜாக்கிரதையாகத் திறந்து பார்த்தான். செருப்பு, சோப்பு, இன்னும் சில படங்கள் போய்விட்டிருந்தன. மற்றவை எல்லாம் உயிரோடு இருந்தன.

"கொஞ்சம் தாமதிச்சிருந்தா பட்டறையை மூடியிருக்கணும். யாரு ஆஃப் பண்ணினது?"

தம்பி அக்காவைக் காட்டினான். மெக்கானிக் அவள் வீங்கிய முகத்தைப் பார்த்தான். தடுப்பைப் புதுப்பித்தான். வரைபடங்களைத் தனித் தட்டில் நகல் எடுத்து, நகல் முடிந்ததும் வயரைக் கழற்றிப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னான். "சொருகியே வெச்சா அதையும் சேத்துத்தான் தின்னும். மெயில் யார் பேருல வந்தாலும் முதல்ல போன். அப்புறம்தான் திறக்கணும்."

தட்டுப் பெட்டியின் சாவி அவளுக்கு. மாடியறையின் சாவியையும் தம்பி அதே வளையத்தில் கோத்துக் கொடுத்தான். மெயில் திறப்பது இனி அவள் வேலை. அதை அவள் ஒரே ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டாள்: "இன்னொரு தடவை கை ஓங்கினா, நான் போக மாட்டேன். நீதான் போவ."

அவன் தலையாட்டினான்.

இப்போதும் காலையில் அவள் கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது, தம்பி போய் மெயின் சுவிட்சின் பக்கத்தில் நிற்கிறான். இதுக்கு ஆள் எல்லாம் நிக்க வேண்டாம் என்று மெக்கானிக் சிரித்துச் சிரித்துச் சொல்லிப் பார்த்துவிட்டான். அவன் நகருவதில்லை. அவள் செருப்புக் கம்பெனிக்காரருக்கு போன் போடுகிறாள். "நீங்க அனுப்பினதுதானா, அண்ணே?" ஆமாம் என்கிறார் அவர்.

"திறக்கப் போறேன்டா."

"திற, அக்கா. நான் நிக்கிறேன்."