திரை காயும் அறை

நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்த சென்னம்மாளை முனி அடித்துக் கொன்றது என்கிறார்கள். நீங்கள் நம்புகிறீர்களா? நம்பினால், பட்டப்பகலில், பூட்டாத அறைக்குள், அந்த முனிக்கு அவளிடம் என்ன பகை என்று சொல்லுங்கள்.

அவள் வேலை ஜன்னல் திரைகளை வெளுப்பது. லேஸ் திரை ஈரத்தில் சுருங்கும். கஞ்சி போட்டு, விளிம்பெல்லாம் சிற்றாணி வைத்த மரச்சட்டத்தில் இழுத்து மாட்டினால்தான் நேராகக் காயும். ஆணி குத்தி ரத்தம் பட்டால் திரும்பத் துவைக்க வேண்டும் என்பதால் விரல்களில் துணி சுற்றிக்கொள்வாள். மழைக்காலத்தில் வெளியே எதுவும் காயாது. சட்டங்களைப் பின்கட்டு அறையில் நிறுத்தி, நடுவில் கரிச்சட்டி மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அவள் உள்ளேயே இருந்து, தொய்ந்த இடத்தை இழுத்து இழுத்து மாட்ட வேண்டும்.

"ஏனுங்க பட்லர், ஒரு ஜன்னலையாச்சும் தொறக்கட்டுங்களா? தலை நொம்பக் கனக்குதுங்க."

"தொறந்தா மஞ்சுப் பனி உள்ள வந்துரும். திரை தொய்ஞ்சா தொரைக்கு நீயா பதில் சொல்லுவ?" என்றார் பட்லர் தேவசிகாமணி. வெள்ளைக்காரர் போய்விட்டார். துரை என்ற சொல் போகவில்லை. எஸ்டேட்டை வாங்கியவர் சேலத்துக்காரர்.

கணவன் சின்னையன் பூசாரியிடம் கயிறு மந்திரித்து வாங்கி அவள் கையில் கட்டினான்.

"பங்களா முனி புடிச்சிருக்குதாம் புள்ள."

"ஊட்ல இருக்கற ஞாயித்துக்கெழம தலைவலியே இல்லீங்களே. முனிக்கு அன்னைக்கு லீவுங்களா?"

"நக்கல் பேசாத. சாமி குத்தம் ஆயிரும்."

பள்ளிக்கூடம் பார்க்காத அவள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள். அதைக் காதில் வாங்கத்தான் ஆளில்லை.

அறுபத்தெட்டு ஐப்பசியில் முதலாளி மகளுக்கு நிச்சயதார்த்தம். விடாத மழை. எல்லாத் திரையும் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று கரியை இரட்டிப்பாகப் போடச் சொன்னார்கள். மதியச் சோற்றுக்கு அவள் வரவில்லை. கதவைத் திறந்தால், சட்டத்தின் அடியில் சாய்ந்து கிடந்தாள். விரல்களில் துணி சுற்றியபடியே இருந்தது.

திரைகள் சுருக்கமில்லாமல் காய்ந்திருந்தன. அன்று மாலையே மாட்டிவிட்டார்கள்.

டாக்டரைக் கூப்பிடவில்லை. பூசாரி வந்தார், முனி என்றார், அந்த வாசலில் ஓர் ஆடு பலியாக விழுந்தது. கரி புகையில்லாமல் கனன்றாலும் நச்சுக்காற்றைக் கக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய அறையில் ஆள் தூங்குவதுபோலவே செத்துப்போவார். முனி என்று சொன்னதில் எல்லோருக்கும் வசதி. முனியின் மேல் யார் வழக்குப் போடுவது?

சின்னையன் அதற்குப் பிறகு பங்களா வழியே நடப்பதில்லை. "அவ கேட்டாளுங்க, நாந்தான் வாய மூடுன்னேன்" என்று மட்டும் சொல்வான்.

அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. இப்போது முனிக்குப் பயந்து அந்த அறைக்கு இரண்டு பேரை அனுப்புகிறார்கள். வீராயியும் பொன்னாயியும் ஒன்றாக உள்ளே போகிறார்கள். கரிச்சட்டி இருக்கிறது. ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது.

நாகலூர் பஸ்ஸில் போகிறவர்களே, இந்த மழை முடிவதற்குள் ஒரு நாள் அங்கே இறங்குங்கள். பின்கட்டுக்குப் போய் அந்த இரண்டு பெண்களிடமும் காரணத்தைச் சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். திரை தொய்ந்தால் தொய்யட்டும்.