ஈரத்துணியில் ஒரு பல் அச்சு

எழுபதுகளில் ஒரு கோடை. திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் அங்கே பல் செட்டு செய்பவர். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடி. ஒரு டீச்சரம்மாவின் வாயில் எடுத்த அச்சை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

பாதி வழியில் பஸ் படுத்துவிட்டது. அவர் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் தண்ணீர் வாங்கி, பையிலிருந்த பிளாஸ்டர் பொடியைக் குழைத்து அச்சுக்குள் ஊற்றினார். தரை சமமில்லை என்று கையிலேயே ஏந்திக்கொண்டார்.

“ஊருக்குப் போய் ஊத்தக்கூடாதா?”

“காஞ்சா அச்சு சுருங்கிப் போகும்.”

“மயிரிழை சுருங்குனா யாருக்குத் தெரியும்?”

“சோறு திங்கிற அந்தம்மாவுக்குத் தெரியுமே.”

அடுத்த பஸ் வந்தது. “வாரீகளா?” என்றேன்.

“இறுகுறவரைக்கும் ஆட்டக்கூடாது. நீங்க போங்க,” என்றார் அலுப்பாக.

ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட அவர் ஓட்டவில்லை.